இணைய ஏலத்தில் கள்ளக் கேட்பு: கண்டுபிடிப்பதும் புகார் எழுதுவதும்

ஊராட்சியில் புளியமர மகசூலை ஏலம் விடும் நாளில், மரத்தை எடுக்கும் எண்ணமே இல்லாத ஒருவர் ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றிக்கொண்டே போனால், அவர் யாருடைய ஆள் என்பதைச் சுற்றி நிற்பவர்கள் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள். இணைய ஏலத்தில் முகம் தெரிவதில்லை. விற்பவர் இன்னொரு கணக்கின் பெயரிலோ, உறவினர் நண்பர் மூலமாகவோ தம் பொருளுக்குத் தாமே விலை கேட்டு, உண்மையாக வாங்க வந்தவரை மேலே ஏற்றிவிடுவதற்குத்தான் கள்ளக் கேட்பு என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் இதை "ஏத்திவிடுறது" என்றும், அப்படிக் கேட்பவரை "டம்மி" என்றும் சொல்வோம். முகம் தெரியாவிட்டாலும், எந்தக் கணக்கு எத்தனை மணிக்கு எந்த நொடியில் எவ்வளவு கேட்டது என்பது இணையத்தில் எழுத்தாகப் பதிகிறது. அந்தப் பதிவை எப்படிப் படிப்பது, அது மறைவதற்குள் எப்படி எடுத்து வைப்பது, அதைக் கொண்டு எங்கே எப்படிப் புகார் எழுதுவது என்பவற்றை, நான் ஏமாந்த இடத்திலிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவன். பழைய நாணயங்கள் சேர்ப்பவன். சில ஆண்டுகளுக்கு முன், கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் வெளியிட்ட, நான்காம் வில்லியம் தலை பொறித்த ஒரு ரூபாய் வெள்ளி நாணயம் ஓர் இணைய ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலை 1,000 ரூபாய். நான் தானியங்கிக் கேட்பு முறையில் 4,200 ரூபாயை என் உச்ச விலையாகப் பதிந்து வைத்தேன். இந்த முறையில் நாம் பதியும் உச்ச விலை யாருக்கும் தெரியாது. வேறொருவர் கேட்கும்போது மட்டும், அவர் கேட்டதைவிட ஒரு படி கூடுதலாக நம் சார்பில் இயந்திரமே கேட்கும். வேறொருவர் 1,800 வரை வந்து நின்றுவிட்டதால், என் பெயரில் விலை 1,900இல் நின்றது. அப்படியே முடிந்திருந்தால் 1,900 ரூபாய்க்கு நாணயம் எனக்கு வந்திருக்கும்.

மறுநாள் இரவு 9 மணி 14 நிமிடத்துக்கு ஒரு புதிய கணக்கு உள்ளே வந்தது. 2,000 கேட்டது, என் இயந்திரம் 2,100 கேட்டது. அது 2,300 கேட்டது. என் பக்கம் 2,400. இப்படியே 2,600, 2,900, 3,200, 3,500 என்று பத்துப் பதினைந்து நொடி இடைவெளியில் ஏறிக்கொண்டே வந்து, திடீரென்று 4,500 கேட்டது. அப்போது அந்தக் கணக்கு முன்னிலைக்குப் போயிற்று. விலை 4,300 என்று காட்டியது. அதாவது என் உச்ச விலை 4,200 என்பது அந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நிமிடம் கழித்து, "தொகையைத் தவறாக உள்ளிட்டுவிட்டேன்" என்ற காரணத்தோடு அந்த 4,500 திரும்பப் பெறப்பட்டது. விலை மீண்டும் 3,600க்கு இறங்கியது. அடுத்த நிமிடம் அதே கணக்கு 4,100 கேட்டது. என் இயந்திரம் 4,200 கேட்டது. அதன்பின் அந்தக் கணக்கை அந்த ஏலத்தில் காணவில்லை. 2,300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நாணயத்தை வாங்கியபோது, கடும் போட்டியில் வென்றுவிட்டதாக மகிழ்ச்சியோடு இருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து அதே விற்பனையாளரின் வேறொரு நாணயத்தில் அதே கணக்கு அதே விதமாக ஏறி இறங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் பழைய ஏலத்தின் கேட்புப் பட்டியல் பக்கத்திலிருந்து போய்விட்டது. என்னிடம் இருந்தது கைபேசித் திரையைப் பிடித்த ஒரே ஒரு படம். அதிலும் நேரம் வெட்டுப்பட்டிருந்தது. புகாருக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை.

கேட்புப் பட்டியலில் பார்க்க வேண்டியவை

மேலே சொன்ன உத்தியில் மூன்று அசைவுகள் இருக்கின்றன. சிறு சிறு படிகளில் துழாவி உச்ச விலையைக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததும் பெரிய தொகையைத் திரும்பப் பெறுவது, பிறகு உச்ச விலைக்கு மிக அருகில் வந்து நிறுத்திக்கொள்வது. கேட்பைத் திரும்பப் பெற அனுமதிக்காத தளங்களில் இரண்டாவது அசைவு இருக்காது. அங்கே டம்மி மெதுவாகத் துழாவி, "இதற்கு மேல் போனால் நம் தலையில் விழுந்துவிடும்" என்று தோன்றும் இடத்தில் நின்றுவிடுவார். ஆகவே கேட்புகள் திரும்பப் பெறப்பட்ட வரிகளை முதலில் பாருங்கள். ஒருமுறை கை தவறி ஒரு சுழியைக் கூடுதலாகத் தட்டியவர் உடனே சரியான தொகையைக் கேட்பார். 4,500 என்பதை நீக்கிவிட்டு, எதிராளியின் உச்ச விலைக்கு நூறு ரூபாய் கீழே கேட்பவருக்குக் கை தவறவில்லை.

ஈபே போன்ற பெரிய தளங்களில் கேட்பவர்களின் பெயர் இரண்டு எழுத்து மட்டும் தெரியும்படி நடுவில் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் அவர் இதுவரை பெற்ற மதிப்பீடுகளின் எண்ணிக்கை இருக்கும். அந்தப் பெயரைத் தொட்டால், கடந்த 30 நாளில் அவர் எத்தனை கேட்புகள் கேட்டார், எத்தனை பொருள்களுக்குக் கேட்டார், அவற்றில் எத்தனை விழுக்காடு இதே விற்பனையாளரிடம் என்பவை தெரியும். இந்தக் கடைசி எண்தான் முக்கியமானது. (ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டுவிட்டாலும், நாணயமும் தபால்தலையும் சேர்க்கும் நம்மவர்கள் பலர் அதன் வெளிநாட்டுத் தளத்தில் இன்னமும் வாங்குகிறார்கள்.) 40 கேட்புகள் கேட்ட ஒருவருடைய முழு நடமாட்டமும் ஒரே விற்பனையாளரிடம் இருந்து, அவர் எதையுமே எடுக்காமல், ஏலத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் மட்டும் கேட்டு, கடைசி நிமிடங்களில் காணாமல் போகிறவராக இருந்தால் சந்தேகத்துக்கு நல்ல அடிப்படை உண்டு. ஒரே ஒரு கேட்பு கேட்டவருக்கும் நூறு விழுக்காடு என்றுதான் காட்டும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கேட்பவர் ஒவ்வொருவருக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். ஒரே விற்பனையாளரிடம் கேட்பது, அடிக்கடி கேட்பது, வெல்லாமலே இருப்பது, பிறர் கேட்டவுடன் நொடிகளில் திருப்பிக் கேட்பது, ஆகக் குறைந்த படியிலேயே ஏற்றுவது, ஏலத்தின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவது என்று அவர்கள் பார்த்தவை ஆறு. இவற்றில் எந்த ஒன்றும் தனியாக எதையும் நிறுவாது. சேர்ந்து வந்தால்தான் எடை கூடும். டம்மியின் வேலையை நினைத்துப் பார்த்தால் இந்த ஆறும் தாமே புரியும். அவர் விலையை ஏற்ற வேண்டும், ஆனால் பொருள் தம் தலையில் விழக்கூடாது. அதனால் உண்மையான ஆள்கள் திருப்பிக் கேட்க நேரம் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

அப்படியும் சில நேரம் பொருள் டம்மியின் தலையில் விழுந்துவிடும். அடுத்த நாளே இரண்டாவதாக வந்தவருக்கு, "எடுத்தவர் பணம் கட்டவில்லை, நீங்கள் கடைசியாகக் கேட்ட விலைக்கே தருகிறேன்" என்று விற்பனையாளரிடமிருந்து செய்தி வரும். உண்மையாகவே பணம் கட்டாமல் ஓடுகிறவர்கள் உண்டு என்பதால், இந்தச் செய்தி வந்ததனாலேயே ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஓடியவரின் கேட்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, மீதியிருப்பவர்களில் உங்களுக்கு அடுத்தவர் கேட்ட விலையைவிட ஒரு படி கூடுதலாக மட்டும் தருவதாகப் பதில் எழுதுங்கள். என் நாணயக் கணக்கில் அது 1,900 ரூபாய். நேர்மையான விற்பனையாளர் பேரமாவது பேசுவார். அதே பொருள் அதே படத்தோடு ஒரு வாரத்தில் மீண்டும் ஏலத்துக்கு வந்தால் அந்தத் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோற்பவர் எல்லாம் டம்மி அல்லர்

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏமாந்த சூட்டில் பார்க்கிற இடமெல்லாம் எனக்குக் கள்ளர்களாகவே தெரிந்தார்கள். ஒரு கணக்கு மாதக்கணக்காக நான் கேட்கும் பொருள்களில் எல்லாம் வந்து கேட்டு, ஒன்றைக்கூட எடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. மதிப்பீட்டு எண் சுழியம். அதை டம்மி என்று நண்பர்களிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். ஏற்காட்டுக் கோடை விழா மலர்க் கண்காட்சிக்குப் போனபோது, நண்பர் ஒருவர் மூலம் அந்தக் கணக்குக்கு உரியவரையே சந்தித்தேன். நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். "ஐயா, நீங்கள் எதையுமே எடுத்ததில்லையே" என்று கேட்டதற்கு, "தம்பி, பென்ஷன்ல மாசம் ரெண்டாயிரம்தான் இதுக்குன்னு வெச்சிருக்கேன். அதுக்கு மேல போனா விட்டுருவேன். நீங்கெல்லாம் விட மாட்டேங்கிறீங்க" என்று சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அவருடைய கேட்புகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அவர் எட்டுப் பத்து விற்பனையாளர்களிடம் கேட்டிருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் கேட்டிருந்தார். எந்தக் கேட்பையும் திரும்பப் பெறவில்லை. அவர் நின்ற விலை எப்போதும் இரண்டாயிரத்தை ஒட்டியே இருந்தது. அதாவது அவர் தம் பையைப் பார்த்து நின்றிருந்தார். டம்மி எதிராளியின் பையைப் பார்த்து நிற்பார். அவர் நிற்கும் விலை ஒவ்வொரு பொருளிலும் வென்றவருடைய உச்ச விலையை ஒட்டி மாறிக்கொண்டே இருக்கும். குறைந்தது மூன்று நான்கு ஏலங்களை அருகருகே வைத்துப் பார்க்காமல் இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே ஒரே ஓர் ஏலத்தை வைத்துப் புகார் எழுத உட்காராதீர்கள்.

கடைசி ஐந்து நொடியில் வந்து அடித்துக்கொண்டு போகிறவரையும் நம்மவர்கள் கள்ளர் என்று திட்டுவதுண்டு. அவர் செய்வது பல தளங்களில் அனுமதிக்கப்பட்ட உத்தி. சொல்லப்போனால் கள்ளக் கேட்பிலிருந்து தப்ப அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் உச்ச விலையைக் கடைசி நொடிகளில் ஒரே முறை பதிந்தால், துழாவிப் பார்க்க டம்மிக்கு நேரமே இருக்காது. கடைசி நேரக் கேட்பு வந்தால் ஏலம் தானாக நீளும் தளங்களில் இது பலிக்காது; ஏற்காட்டு மலைப்பாதையில் கைபேசிச் சமிக்ஞை போய்ப் போய் வரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு முயன்றாலும் பலிக்காது.

வாட்ஸ்ஆப் குழு ஏலங்கள்

பெரிய தளங்களைவிட நம் ஊர்ப்பக்கம் அதிகப் பணம் புரள்வதும், அதிகம் ஏமாற்று நடப்பதும் வாட்ஸ்ஆப், முகநூல் குழுக்களில்தான் என்பது என் கணிப்பு. நாணயம், பித்தளைப் பாத்திரம், பழைய வானொலிப் பெட்டி, புறா என்று எதற்கும் குழு உண்டு. நிர்வாகி படத்தைப் போட்டு, தொடக்க விலையையும் முடியும் நேரத்தையும் எழுதுவார். உறுப்பினர்கள் தொகையைத் தட்டுவார்கள். பல குழுக்களில் நிர்வாகிதான் விற்பவர், அல்லது விற்பவரிடம் கழிவு வாங்குபவர். விலை ஏறினால் அவருக்கும் ஆதாயம் என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே முதலில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது "இன்பாக்ஸ் கேட்பு" என்பதில். குழுவில் 2,800இல் நிற்கும்போது, "இன்பாக்ஸில் 3,200 வந்திருக்கிறது" என்று நிர்வாகி எழுதுவார். கேட்டவர் யார் என்று தெரியாது. கேட்டவர் என்று ஒருவர் இருக்கிறாரா என்றே தெரியாது. குழுவில் வெளிப்படையாகக் கேட்கப்படாத தொகைக்கு மேல் நான் கேட்பதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே என் வழக்கம். இரண்டாவது, செய்தியைத் திருத்துவது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தினால் அதன் ஓரத்தில் திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்கும், ஆனால் முன்பு என்ன இருந்தது என்பது தெரியாது. 2,500 என்று தட்டிய ஒருவர், நீங்கள் 2,600 கேட்ட பிறகு தம் செய்தியை 3,000 ஆக்கினால், முதலில் கேட்டவர் அவர்தான் என்று ஆகிவிடும். திருத்தப்பட்ட செய்தி கேட்பாக எடுத்துக்கொள்ளப்படாது என்ற விதி இல்லாத குழுவில் பணத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

அம்மாபேட்டையில் இருக்கும் நண்பர் ஒருவர் ஒரு பித்தளைக் குத்துவிளக்கை இப்படி ஒரு குழுவில் எடுத்தார். அவரோடு கடைசிவரை போட்டியிட்டவர் ஒருவர். விளக்கை வென்றதும், பணம் அனுப்ப நிர்வாகி ஒரு கைபேசி எண்ணைக் கொடுத்தார். யுபிஐ செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், திரையில் வங்கிக் கணக்குக்காரரின் பெயர் வரும் அல்லவா? வந்தது, அதுவரை அவரோடு போட்டியிட்டவரின் பெயர். நண்பர் பணம் அனுப்புவதற்கு முன் அந்தத் திரையைப் படமெடுத்து நிர்வாகிக்கு அனுப்பி, "இவரிடமேதான் விளக்கு இருக்கிறது போலிருக்கிறதே, அவரே வைத்துக்கொள்ளட்டும்" என்று எழுதினார். அன்று இரவே அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். விளக்கு போனாலும் பணம் மிஞ்சியது.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன் கட்டாதவர்களின் வாகனங்களை இணையத்தில் ஏலம் விடும்போது, முன்கூட்டியே டேவணித் தொகை கட்டியவர்கள்தான் கேட்க முடியும். பணத்தை முடக்கி வைக்க வேண்டியிருப்பதால் அங்கே டம்மிகள் குறைவு. அங்கே நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான சிண்டிகேட்; கேட்பவர்களே கூடிப் பேசி விலையை ஏறவிடாமல் செய்வது. அது வேறு குற்றம். இங்கே அதற்குள் போகவில்லை. வீடு, நிலம் ஆகியவற்றின் ஏலமும் வேறு சட்டத்தின் கீழ் வருவது.

முதலில் எடுத்து வையுங்கள், பிறகு பேசுங்கள்

சந்தேகம் வந்ததும் விற்பவருக்குக் கோபமாகச் செய்தி அனுப்புவதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் பொருளின் பக்கம் நீக்கப்படும், டம்மி குழுவைவிட்டு வெளியேறுவார், செய்திகள் நீக்கப்படும். ஆகவே வாயைத் திறப்பதற்கு முன் சான்றுகளைச் சேருங்கள்.

பொருளின் பக்கம் முழுவதையும், முகவரிப் பட்டையும் பொருள் எண்ணும் தெரியும்படி பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். கேட்புப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளிக்கொண்டே திரைப்பதிவு எடுங்கள். பதிவின் தொடக்கத்தில் கைபேசியின் தேதியும் நேரமும் தெரியட்டும். படங்களை வெட்டாதீர்கள், அதில் சிவப்பு வட்டம் போடாதீர்கள்; வட்டம் போட வேண்டுமானால் பிரதி எடுத்து அதில் போடுங்கள். வாட்ஸ்ஆப் என்றால் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்தி முழுக் கோப்பையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். சந்தேகத்துக்குரிய எண்ணின் விவரப் பக்கத்தையும் படமெடுங்கள். பணம் அனுப்பிய ரசீது, பரிமாற்ற எண், பொட்டலத்தின் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு ஆகியவற்றையும் வைத்திருங்கள். அந்தச் சீட்டில் அனுப்புநர் பெயர் டம்மியின் பெயரோடு ஒத்துப்போவது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

இவற்றை வைத்து ஒரு தாளில் நேரம், கணக்கு, கேட்ட தொகை, அப்போதைய விலை என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். பத்து வரிக்குமேல் எழுதுவதற்குள் உங்கள் சந்தேகம் ஒன்று உறுதிப்படும், அல்லது கரைந்துவிடும். கைபேசியை மாற்றவோ பழைய கைபேசியை விற்கவோ வேண்டாம். வழக்கு என்று வந்தால், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளோடு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்வது.

சட்டம் என்ன சொல்கிறது

நம் நாட்டில் இதற்குத் தெளிவான சட்டம் 90 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு ஏலத்தைப் பற்றியது. விற்பவர் தாமும் கேட்கும் உரிமையை வெளிப்படையாக அறிவித்து வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச விலை ஒன்றையும் நிர்ணயித்துக்கொள்ளலாம். அப்படி அறிவிக்காமல் அவரே கேட்பதும், தமக்காகக் கேட்க ஆள் வைப்பதும் சட்டப்படி செல்லாது. அத்தகைய விற்பனையை வாங்கியவர் மோசடியாகக் கருதலாம். விலையை ஏற்றுவதற்காக விற்பவர் பாசாங்குக் கேட்பைப் பயன்படுத்தினால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்து செய்யலாம். ஆகவே ஏலத்தின் நிபந்தனைகளை முதலில் படியுங்கள். விற்பவர் கேட்கலாம் என்று அதில் எழுதியிருந்தால் உங்கள் புகாருக்கு உயிர் இல்லை.

ரத்து செய்ய விரும்பினால் தாமதிக்கக்கூடாது. பொருளைப் பயன்படுத்தவோ, மெருகேற்றவோ, வேறொருவருக்கு விற்கவோ கூடாது. விவரம் தெரிந்த சில நாள்களுக்குள், 64ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, விற்பனையை ரத்து செய்வதாகவும் பொருளைத் திருப்பித் தரத் தயாராக இருப்பதாகவும் மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் எழுதுங்கள்.

போலிப் பெயரில் கணினி வழியாக ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின் கீழ் மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடி என்பது 318ஆம் பிரிவு. பழைய 420தான் இப்போது அங்கே இருக்கிறது. வெளிநாட்டிலும் இது விளையாட்டல்ல. 2000ஆம் ஆண்டில் ஈபேயில் 25 சென்ட்டில் தொடங்கிய ஓர் ஓவியம் 1,35,805 டாலர்வரை ஏறியது. விற்றவரும் கூட்டாளிகளும் தங்களுக்குள்ளேயே கேட்டு ஏலங்களை ஏற்றிவந்தது தெரியவந்து, ஏலம் ரத்தாகி, அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நிலை வந்தது.

எங்கே, எந்த வரிசையில்

முதல் புகார் ஏலத் தளத்துக்கே. பொருளின் பக்கத்தில் புகாரளிக்கும் இணைப்பு இருக்கும்; அதில் கள்ளக் கேட்பு என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கண்ணுக்குப் படாதவை தளத்திடம் இருக்கின்றன: இரண்டு கணக்கும் ஒரே இணைய முகவரியிலிருந்து வந்தனவா, ஒரே கைபேசியா, ஒரே வங்கி அட்டையா என்பதை அவர்களால்தான் பார்க்க முடியும். ஆகவே "இவர் ஏமாற்றுக்காரர்" என்று எழுதுவதைவிட, எந்தெந்தக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது பயன் தரும். இப்படி எழுதலாம்:

"பொருள் எண் ......, 1835 ஒரு ரூபாய் நாணயம். க*ன் (0) என்ற கணக்கு இரவு 9:14 முதல் ஏழு முறை கேட்டு, 4,500 ரூபாய்க் கேட்பைத் திரும்பப் பெற்று, பின்னர் என் உச்ச விலைக்கு 100 ரூபாய் கீழே கேட்டு நிறுத்தியுள்ளது. இதே விற்பனையாளரின் ......, ...... எண்ணுள்ள ஏலங்களிலும் இதே வரிசை காணப்படுகிறது. மூன்றிலும் இக்கணக்கு பொருளை எடுக்கவில்லை. இக்கணக்குக்கும் விற்பனையாளரின் கணக்குக்கும் தொடர்பு உள்ளதா என்று ஆராயவும், இருப்பின் அக்கேட்புகளை நீக்கி விலையை 1,900 ரூபாயாகத் திருத்தி, 2,300 ரூபாயைத் திருப்பித் தரவும் வேண்டுகிறேன். சான்றுகள் இணைப்பில் உள்ளன."

பதில் வராவிட்டால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு தளமும் அப்படி ஓர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வாங்கி மறுவிற்பனை செய்யும் வியாபாரியாக நீங்கள் இருந்தால் மட்டும் நுகர்வோர் என்ற தகுதி பொதுவாகக் கிடைக்காது என்பதைக் கவனியுங்கள்.

பணம் கட்டியும் பொருளே வரவில்லை, ஏலமே பொய் என்றால் மேலே சொன்ன வரிசைக்காகக் காத்திருக்கக்கூடாது. உடனே சைபர் பண மோசடிகளுக்கான உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும்; சட்டத்தின் ஆண்டும் இந்த எண்ணும் ஒன்றாக அமைந்ததால் மறக்காது. அழைப்பு எவ்வளவு விரைவாகப் போகிறதோ, பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். கள்ளக் கேட்பு மட்டும் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதியுங்கள், அல்லது நேரில் போங்கள். சேலம் மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் மாநகரக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவுக்குப் போக வேண்டும். ஏற்காடு, ஆத்தூர், மேட்டூர்ப் பக்கத்தவர்கள் மாவட்டக் காவல்துறையின் பிரிவுக்குப் போக வேண்டும். தவறான இடத்துக்குப் போய் ஒரு நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "இது சிவில் விவகாரம்" என்று சொல்லக்கூடும். அப்போது விலை அதிகம் என்று முறையிடாதீர்கள். இல்லாத ஒருவரை இருப்பதாகக் காட்டி என்னைக் கூடுதல் பணம் கொடுக்க வைத்தார் என்று சொல்லி, நான்கு கட்டத் தாளைக் காட்டுங்கள். மனுவைக் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது, விற்பவரின் படத்தைப் போட்டுத் திருடன் என்று குழுக்களில் பரப்ப வேண்டாம். நிரூபிக்க முடியாமல் போனால் அவதூறு வழக்கில் நீங்கள் நிற்க நேரும். விசாரணை தொடங்கும் முன்பே எதிராளியை எச்சரித்ததாகவும் ஆகும். குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்றால், கேட்புப் பட்டியலை மட்டும் எந்தக் கருத்தும் சேர்க்காமல் தனித்தனியாக அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் இருவரிடமாவது இதே கணக்கைப் பற்றிய பதிவு இருந்தால், மூவரும் சேர்ந்து ஒரே புகாராக எழுதலாம்.

புகார் அனுப்பிய அன்றே நாட்காட்டியில் மூன்று இடத்தில் குறித்து வையுங்கள். 48 மணி நேரம் முடியும் நாள் ஒன்று; ஒரு மாதம் முடியும் நாள் ஒன்று; நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுதான் கால வரம்பு என்பதால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து கணக்கிட்டு அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பாக ஒன்று.